நான் மொழிபெயர்க்காமல் விட்டது

ஒரு பெண் மேடையில் சொன்ன உண்மையை நான் வேண்டுமென்றே மாற்றிச் சொன்னேன். அது என்னைப் பற்றிய உண்மை.

திருப்பதியில் எங்கள் மனிதநேயச் சங்கத்தின் மாதக் கூட்டம் என்றால் காலையிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளாது. குழந்தைத் திருமணம், சாக்கடைச் சாவு, குடி என்று யாராவது வந்து பேசுவார்கள். பிறகு டீ ஆறிப்போகும்வரை நாங்கள் சண்டை போடுவோம். கோயில் கைங்கரியம் செய்யும் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, கல்லூரி நாளிலேயே கடவுளை விட்டவன் நான். மற்ற உறுப்பினர்களுக்குத் தமிழ் தெரியாது. தமிழில் பேச வருபவர்களின் பேச்சைத் தெலுங்கில் சொல்வது என் வேலை. அதில் எனக்குக் கர்வமும் உண்டு.

அந்த மாதம் வந்தவர் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சத்தியவேடு பக்கத்து நர்ஸ். அவர் பேச வந்த தலைப்பு, 'நகரத்தில் சாதி'. பார்த்ததுமே அடையாளம் தெரிந்தது. சில வாரங்களுக்கு முன் என் மாடியை வாடகைக்குக் கேட்டு வந்தவர் அவர். "நீங்க வெஜ்ஜாம்மா?" என்று கேட்டிருந்தேன். சாதி கேட்பதற்கு எங்கள் நாகரிகமான வழி அது. இல்லை என்றார். ஊரில் எந்தப் பக்கம் என்றேன். காலனி என்றார். "வேற ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டாரும்மா" என்றேன். பொய்.

மேடையில் அவர் சொன்னார்: "வீடு தேடி அலைஞ்சிக்கினு இருந்தேன். சாதி இல்லன்னு பேசற இந்த சங்கத்துல கீற ஒருத்தரே எனக்கு வீடு இல்லன்னாரு. இப்ப இந்த ஹால்லதான் கீறாரு."

சில ஊர்களில் சில வீட்டுக்காரர்கள் இன்னும் சாதி பார்க்கிறார்கள் என்று தெலுங்கில் சொன்னேன். எல்லோரும் தலையசைத்தார்கள்.

எல்லைப்புறத்துக்காரருக்குத் தெலுங்கு தெரியாதா? அவர் என் பக்கம் திரும்பி, "நல்லா சொன்னீங்க சார்" என்றார். மைக்கிலேயே. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு அவரையும் வரச் சொல்லி போன் செய்தேன். வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். விட்ட வாக்கியத்தைத் தெலுங்கில் சொல்லி, 'வெஜ்ஜா' என்று கேட்டு வீடு இல்லையென்ற அந்த வீட்டுக்காரன் நான்தான் என்றேன். ஹால் கொதித்தது. "ஏமய்யா, சாமிய விட்டுட்டு சமையல்கட்டைப் பிடிச்சிக்கிட்டியா?" என்று என் தெலுங்கு நண்பர் கத்தினார். இன்னொருவர் எழுந்து, தானும் அதே கேள்வியைத்தான் கேட்பதாகச் சொன்னார். ஒருவர் திட்டிக்கொண்டே வெளியேறினார். அன்றைய விருந்தினர் தன் காகிதங்களைப் பையில் போட்டுவிட்டு, இதையே பேசுவோம் என்றார். அவ்வளவு உயிருள்ள கூட்டத்தை நாங்கள் நடத்தியதே இல்லை.

முடிந்ததும் படிக்கட்டில் நர்ஸைப் பிடித்தேன். "மாடி காலியாத்தாம்மா இருக்கு. வாங்கோ."

"எனக்கு வீடு கெடைச்சிட்ச்சி சார். உங்க மனசு லேசாவறதுக்கு நான் வந்து குடியிருக்கணுமா?"

இறங்கப் போனவர் நின்றார். "என்கூட வேலை செய்யற பொண்ணு வீடு தேடிக்கினு கீறா. அனுப்பறேன். ஒரு கேள்வியும் கேக்காதீங்க."

கேட்கவில்லை. அந்தப் பெண்ணும் கணவரும் இப்போது என் மாடியில் இருக்கிறார்கள். என் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். நர்ஸை மறுபடி பேச அழைத்தபோது, "வேற யாராவது தெலுங்குல சொன்னா வரேன்" என்றார். மொழிபெயர்க்க வெளியிலிருந்து ஆள் பிடித்துவிட்டேன். இந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம். நான் நாற்காலி போடுகிறேன்.