பத்து டாலர் மூலை

கல்யாணத்துக்காகப் பாதியில் விட்ட கல்லூரிப் படிப்பை முடிக்க வந்தபோது பெர்னிஸ் வாவ்ராவுக்கு ஐம்பத்திரண்டு வயது. நடு டெக்சாஸில் எங்கள் ஊர்க் கல்லூரியில், செவ்வாயும் வியாழனும் மதியக் கணக்கு வகுப்பில் அவள் என் பக்கத்து நாற்காலி. நான் பதவி உயர்வுக்காகப் படித்தேன். அவளுக்கு அப்படி ஒரு கட்டாயமும் இல்லை.

"எனக்குக் கணக்கு பிடிக்கும். வெளிய சொல்லிடாத, சிரிப்பாங்க" என்றாள் முதல் நாளே. அவள் சட்டைக் கையில் எப்போதும் மாவு ஒட்டியிருக்கும்.

அவளும் கணவன் ஆல்பினும் கடைத்தெருவில் பேக்கரி நடத்தினார்கள். ஊரில் பாதிப்பேர் செக் நாட்டு வம்சத்தவர்கள், நாங்களும்தான். கொலாச்சி இல்லாமல் எங்களுக்குக் காலை விடியாது. நடுவில் குழித்து ஆப்ரிகாட் பழக்கூழோ கசகசாவோ வைத்துச் சுட்ட மெத்தென்ற பன் அது. அதைச் செய்வது பெர்னிஸ். ரை என்ற தானிய மாவை வாளியில் புளிக்க வைத்துக் கனமான கறுப்பு ரொட்டி போடுவது ஆல்பின். அதை வாங்க மொத்தம் பதினைந்து பேர்தான் வருவார்கள். எல்லாரும் கிழவர்கள். வந்தால் ஒரு மணிநேரம் ஆல்பினோடு வாயடித்துவிட்டுத்தான் போவார்கள்.

அந்த வருடம் நெடுஞ்சாலையில் பெரிய டோநட் கடை ஒன்று திறந்தது. இவர்கள் கடையில் கூட்டம் குறைந்தது. ஆல்பினின் இதய மாத்திரைக்கான காப்பீட்டுக் கட்டணமும் ஏறியது.

அக்டோபரில் எங்கள் ஆசிரியை மிஸ் டெல்காடோ நேரியல் திட்டமிடல் நடத்தினார். கையில் இருக்கும் நேரத்தையும் பொருளையும் எப்படிப் பங்கிட்டால் அதிக லாபம் என்று கண்டுபிடிக்கிற கணக்கு. அவரவர் வாழ்க்கையிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு வரச் சொன்னார். பெர்னிஸ் பேக்கரியை எடுத்தாள்.

அடுப்பு ஒரு நாளைக்கு எட்டு மணிநேரம். கைவேலை ஏழு மணிநேரம். ஒரு தட்டு பன்னுக்கு அடுப்பில் இருபது நிமிடம், கையில் இருபது நிமிடம். ஒரு சுற்று ரொட்டிக்கு அடுப்பில் ஒரு மணி, கையில் அரைமணி. லாபம் பன்னில் இருபது டாலர், ரொட்டியில் இருபத்தைந்து. அடுப்புக்கு ஒன்று, கைக்கு ஒன்று என இரண்டு கோடுகளை வரைபடம் போடும் கால்குலேட்டரில் தட்டினாள். சின்னத் திரையில் கோடுகள் சாய்ந்து விழுந்து ஒன்றையொன்று வெட்டின. கீழ்ப்பக்கத்தை நிழலாக்கினாள். விடை அந்த நிழலின் ஏதாவது ஒரு மூலையில்தான் இருக்கும்.

கோடுகள் வெட்டிய மூலை பதினெட்டுத் தட்டு பன், இரண்டு சுற்று ரொட்டி. மிஸ் டெல்காடோ குனிந்து பார்த்தார். "இப்ப கடையில எவ்வளவு போடறீங்க?"

"இதேதான். பதினெட்டு, ரெண்டு. ஆல்பின் எப்பவோ வச்ச கணக்கு."

"கால்குலேட்டர் இல்லாமலா? மனுஷன் கெட்டிக்காரர்தான்."

அந்த மூலையில் லாபம் நானூற்றுப் பத்து டாலர். அடுத்த மூலையில், ரொட்டியே போடாமல் இருபத்தொரு தட்டு பன் மட்டும் போட்டால் நானூற்று இருபது. பெர்னிஸ் அந்த வரியின் கீழ் இரண்டு கோடு போட்டாள். நாளுக்குப் பத்து என்றால், கடை திறக்கும் முந்நூறு நாளுக்கு வருடத்தில் மூவாயிரம். மாத்திரைச் செலவு அதில் போய்விடும்.

மறுநாள் கடையில் கால்குலேட்டரை ஆல்பினிடம் நீட்டினாளாம். ஆல்பின் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தான்.

"இது என்ன, வீட்டுக் கூரையா?"

"விளையாடாத ஆல்பின். ரொட்டிய நிறுத்தினா பத்து டாலர் கூட வரும்."

"கிழவனுங்க?"

"பன் வாங்கட்டும்."

அவன் கால்குலேட்டரை அவளிடமே திருப்பிக் கொடுத்தான். பிறகு, "கணக்கு சொல்லுதுல்ல, விடு" என்றான். சண்டைக்குத் தயாராக வந்தவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

கைவேலை ஏழு மணிநேரம் என்று எழுதியபோது இருவர் கையையும் ஒன்றாகவே எண்ணியிருந்தாள். ஆல்பினின் விரல்கள் தடியானவை. அவன் குழித்த பன்கள் கிழிந்து, பழக்கூழ் வழிந்து கருகின. இருபத்தொரு தட்டு ஒருநாளும் வரவில்லை. இருபதுதான் வந்தது. பழைய வரவைவிடப் பத்து டாலர் குறைவு. கிழவர்கள் ஒருவர் பின் ஒருவராக நின்றுபோனார்கள். ஆல்பின் பன் குழிப்பதை விட்டுக் கடையின் பின்பக்கம் தட்டுக் கழுவப் போய்விட்டான்.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் பெர்னிஸே கேட்டாள். "மறுபடி ரொட்டி போடலாமா?"

"புளிச்ச மாவு வாளிய நவம்பர்லயே கழுவிட்டேன்."

"புதுசா புளிக்க வைக்கலாமே."

"வேண்டாம் பெர்னிஸ். ஸ்கூல் பஸ் ஓட்ட ஆள் கேக்கறாங்க. நான் போறேன்."

அவள் இதை என்னிடம் சொன்னது மே மாதம், பட்டம் வாங்கிய அன்று. கணக்கில் அவளுக்கு முதல் தரம். ஆல்பின் டை கட்டிக்கொண்டு வந்திருந்தான். பெயர் படித்தபோது எழுந்து நின்று கைதட்டினான். பிறகு காரில் போய் உட்கார்ந்துகொண்டான்.

அந்த ஆகஸ்டில் கடையை விற்றார்கள். பெர்னிஸுக்கு வரி அலுவலகத்தில் வேலை கிடைத்தது. போன வாரம் அஞ்சலக வாசலில் பார்த்தேன். ஆல்பின் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கான். எது கேட்டாலும் 'நீ சொன்னா சரி'ங்கறான். திரைச்சீலை என்ன கலர்னு கேட்டாலும் அதான், ராத்திரிக்கு என்ன சாப்பாடுன்னு கேட்டாலும் அதான். முன்னெல்லாம் என்னமா சண்டை போடுவான் தெரியுமா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பையில் கார் சாவியைத் தேடினாள். சாவி அவள் கையில்தான் இருந்தது. சொல்ல எனக்கு மனம் வரவில்லை.