எதிர்வீட்டு அக்கா சாலையைக் கடந்தது

ஜனவரி 9: முன்கதவு நெளிவு, 2,400.
பிப்ரவரி 17: பம்பர், விளக்கு, 3,150.
ஏப்ரல் 2: பின்கதவு, 1,900.
ஏப்ரல் 28: மட்கார்டு, 850.

நான்கும் ஒரே தெரு வளைவில் அடிபட்ட வண்டிகள். நான்கையும் தட்டி நிமிர்த்தியவர் அந்த வளைவிலேயே வீட்டோடு பட்டறை வைத்திருந்த டிங்கர். அந்த வளைவுதான் அவருக்குப் படியளந்தது. அப்படிப்பட்டவரே, தெருவில் வேக வரம்பை ஐம்பதிலிருந்து முப்பதாகக் குறைக்கச் சொல்லி நகராட்சிக்கு மனு எழுதினார். சொந்தப் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ளும் ஆளை இப்போதுதான் பார்ப்பதாக மனைவி சொன்னார்.

“வண்டியத் தட்டி நிமித்திரலாம். அக்காவ நிமித்த முடியுமா?” என்றார் டிங்கர்.

டிங்கரின் அக்கா வீடு நேரெதிரே. தையல் மிஷினை மிதித்தே தம்பியை ஆளாக்கியவர். முழங்கால் தேய்ந்துபோனபின் சீறிவரும் வண்டிகளுக்கு நடுவே அவரால் கடக்க முடியவில்லை. தம்பி தினமும் போய்வந்தார்தான். ஆனால் நினைத்தபோது நுழைந்து, நாலு குறை சொல்லிவிட்டுப் போக அக்காவுக்கு ஒரு வீடு இல்லாமல் போயிற்று. இரண்டு ஆண்டுகளாக ஜன்னலில் நின்று தம்பி வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டே போனில் அதிகாரம் செய்துவந்தார்.

மனுவுக்குப் பதில் வந்தது. ஐந்து ஆண்டுகளில் அந்தத் தெருவில் உயிரிழப்பு எதுவும் இல்லாததால் வேகத்தைக் குறைக்கத் தேவையில்லையாம். டிங்கர் அதை அக்காவுக்குப் போனில் படித்துக் காட்டினார்.

“அப்ப நான் செத்தாத்தான் குறைப்பாங்களா? எந்தத் தேதி தோதுப்படும்னு கேட்டுச் சொல்லு.”

டிங்கர் அலுவலகத்துக்கே போனார். சாலைப் பிரிவு இன்ஜினியர் பொறுமைசாலி. நடந்து கடப்பவர்கள் போதிய அளவு இருந்தால் மறுபடி பரிசீலிக்கலாம் என்று, எண்ணுவதற்கு ஆள் அனுப்ப நாள் குறித்தார். பயந்துபோய்க் கடக்காமலே இருப்பவர்களை எப்படி எண்ணுவீர்கள் என்று டிங்கர் கேட்டதற்கு, படிவத்தில் அதற்கு இடமில்லை என்றார்.

எண்ணுபவர் வந்து, பட்டறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். மதியம் வரை அவருக்கு அதிக வேலை இருக்கவில்லை. அப்போது எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அக்கா கைத்தடியை ஊன்றிச் சாலையில் இறங்கினார். நடுவில் கால் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். ஒரு லாரி கிறீச்சிட்டு நின்றது, பின்னால் ஹாரன்கள். டிங்கர் சுத்தியலைப் போட்டுவிட்டு ஓடினார்.

“கையப் புடிக்காத. தனியா வந்தாத்தான் கணக்கு.”

அவர் கையைப் பிடிக்கவில்லை. வண்டிகளுக்கு எதிரே இரு கைகளையும் விரித்து நின்றார். அக்கா தம் போக்கில் வந்து சேர்ந்து, எண்ணுபவர் எழுந்து கொடுத்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“ஒண்ணுன்னு போட்டுக்குங்க. என்னை மாதிரி அந்தப் பக்கம் இன்னும் ஆறு பேரு ஜன்னல்ல நிக்கிறாங்க. அதையும் எழுதுங்க.”

எண்ணுபவர் தயங்கினார். பிறகு ஜன்னல்களைப் பார்த்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கம் எழுதினார்.

திரும்பிப் போகும் பேச்சே இல்லை, உத்தரவு வந்தால்தான் இறங்குவேன் என்று அக்கா தம்பி வீட்டிலேயே தங்கிவிட்டார். பாத்திரம் வைத்த இடம் சரியில்லை, திரைச்சீலை கோணல் என்று இரண்டு ஆண்டுக் குறைகளையும் ஒவ்வொன்றாகத் தீர்த்தார். முதலில் மனுவே வேண்டாம் என்ற டிங்கரின் மனைவிதான் பிறகு தினமும் வாசலுக்குப் போய்த் தபால்காரரைக் கேட்டார். வேகம் முப்பது என்று உத்தரவிட்ட கடிதம் வந்து சேர்ந்த நாள்: செப்டம்பர் 19.