இரண்டு மாதம் குறைவு

எங்கள் வீட்டில் ஊர் சுற்ற ஆசைப்படுவது நான். அதை உருப்படியாக நடத்திக் காட்டுவது என் மனைவி. பெங்களூரு பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் சரக்கைச் சோதித்து அனுப்பும் வேலை அவளுக்கு. ஒரு திருகாணிகூட அவள் கண்ணுக்குத் தப்பி வெளியே போகாது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு காட்டுக்கு சஃபாரி போகலாம் என்று நான் சொன்ன மறுநாளே, ஜீவனஹள்ளியில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் பட்டியல் எழுதிய ஒரு தாளை ஒட்டிவிட்டாள்.

அந்தத் தாளை நினைத்தால் இன்றும் பெருமையாக இருக்கிறது. மைசூரு தாண்டிக் காட்டோரம் இருக்கும் விடுதிகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுக் கன்னடத்தில் விசாரித்தாள். சுற்றிலும் வேலி உண்டா? இருட்டிய பிறகு அறையிலிருந்து சாப்பிடும் இடத்துக்குத் துணைக்கு ஆள் வருவார்களா? காட்டுச் சாலையை ராத்திரியில் கேட் போட்டு மூடிவிடுகிறார்களே, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரி கேட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? ஏழு ஜென்மம் எடுத்தாலும் எனக்கு இப்படிக் கேட்கத் தோன்றாது. சிவப்பு, மஞ்சள் சட்டை கூடாது. சென்ட் கூடாது. ஜீப்பில் சிப்ஸ் பாக்கெட் கூடவே கூடாது. எங்கள் ஒன்பது வயது மகன் ஒவ்வொரு வரியாக டிக் அடித்துக்கொண்டே வந்தான். ஒரு வரி மட்டும் நின்றுபோனது: ஆறு வயது நிறையாத பிள்ளைக்குத் திறந்த ஜீப்பில் இடமில்லை.

சின்னவளுக்கு ஆறு நிறைய இரண்டு மாதம் இருந்தது.

"ரெண்டு மாசம் கழிச்சே போலாங்க," என்றாள் மனைவி.

"அதுக்குள்ள லீவு முடிஞ்சிடும். ரெண்டு மாசத்துல இன்னா பனைமரமா வளந்துடப் போறா? ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணச் சொல்லி நான் பேசறேன், விடு."

விடுதியில் பேசவே இல்லை. பேசிவிட்டேன், சரி என்றுவிட்டார்கள் என்று புளுகினேன். பிறகு மகளைத் தனியாகக் கூப்பிட்டு, "யாரு வயசு கேட்டாலும் ஆறுன்னு சொல்லணும், இன்னா?" என்று பாடம் நடத்தினேன். பஸ்ஸில் டிக்கெட்டுக்காக வயதைக் குறைத்துச் சொல்லியே வளர்ந்தவன் நான். கூட்டிச் சொல்வது என்ன பெரிய குற்றம் என்று நினைத்தேன். அவளும் கிளி மாதிரி பிடித்துக்கொண்டாள்.

காலை சஃபாரி. டிரைவர் அவளைத் தூக்கி ஜீப்பில் உட்காரவைத்து, "வயசு எஷ்டு புட்டி?" என்று கன்னடத்தில் வயதைக் கேட்டார்.

"ஆறு!"

சிரித்தார், ஆனால் வண்டியை எடுக்கவில்லை. ஜீப்பின் தரைக்கு ஒரு சாண் மேலே ஆடிக்கொண்டிருந்த அவள் கால்களையே பார்த்தார். பிறகு என்னிடம் தமிழில் சொன்னார்: "யானை தொரத்துனா நான் ரிவர்ஸ்லயே பறக்கணும் சார். கால் ஊன முடியாத கொழந்த எகிறி வெளிய உழுந்துடும். அதுக்குத்தான் இந்த ரூல். நீங்க அப்பா, நீங்க சொல்லுங்க. ஆறு ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு," என்றேன்.

மகன் சட்டென்று ஜீப்பிலிருந்து இறங்கினான். யானையைப் பார்க்கப் போகும் ஆசையில் விடிவதற்கு முன்பே ஷூ மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன்.

"டிரைவர் அண்ணா, பாப்பாவுக்கு அஞ்சுதான். நான் அவகூட இங்கயே இருக்கேன். அம்மாவும் அப்பாவும் போய்ட்டு வரட்டும்."

ஜீப்பில் இருந்த இன்னொரு குடும்பம் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. "சரின்னுட்டாங்கன்னு சொன்னீங்களே?" என்றாள் மனைவி. அவ்வளவுதான் கேட்டாள். மானம் கப்பலேறியது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "வாய மூட்றா" என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்போதுதான் அவன் கைகளைப் பார்த்தேன். ஒரு கை தங்கையை இறக்கிவிட நீண்டிருந்தது, மறு கை காதைப் பொத்திக்கொண்டிருந்தது. என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும் என்று தெரிந்தே சொல்லியிருக்கிறான். அவ்வளவு பயம், அதற்கு மேல் அவ்வளவு துணிச்சல்! பெற்றவன் பொய் சொன்ன இடத்தில் பிள்ளை நிமிர்ந்து நின்றான். அந்த நிமிடம் அவனைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

நான் இறங்கி, மகளை இறக்கினேன். "நீ ஏறுடா, நான் இருக்கேன்," என்று அவனைத் தூக்கி அவன் அம்மா பக்கத்தில் உட்காரவைத்தேன். ஜீப் போய்விட்டது.

விடுதித் தோட்டத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் அழவில்லை. காலை ஆட்டிக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, நான் கரெக்டாதானே சொன்னேன்?"

"நீ கரெக்டாதான் சொன்ன, கண்ணு."

"அண்ணன்தானே தப்பா சொன்னான்? வந்தா திட்டுவியா?"

"இல்லம்மா. அவன் சொன்னதுதான் சரி. அப்பாதான் உனக்குத் தப்பா சொல்லிக் குடுத்துட்டேன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை, யோசித்தாள்.

"சரிப்பா," என்றாள். "இனிமே நான் அண்ணங்கிட்டயே கேட்டுக்கறேன்."