தங்கராசு தூக்கிக் காட்டிய இடது கால்

தங்கராசு போய்விட்டார்.

காலையில் ஒர்க்‌ஷாப் நம்பரிலிருந்து போன். வண்டியை சர்வீஸுக்கு விடச் சொல்லித்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, "அடுத்த வாரம் விடறேன் தங்கராசு, திட்டாதீங்க" என்று நானே ஆரம்பித்தேன். அந்தப் பக்கம் அவர் மனைவி. விடியக்காலையில் நெஞ்சுவலி... ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே...

என்னைவிட நாலு வயது சின்னவர். அவசரமாக எழுதுகிறேன், டைப்பில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். திருவானைக்காவல் மெயின் ரோட்டில் கார் மெக்கானிக். நான் இன்றைக்கு கார் ஓட்டுகிறேன் என்றால் அவரால்தான்.

நாற்பத்து நாலு வயதில், அப்பாவுக்காகத்தான் கார் கற்றுக்கொண்டேன். அப்பா எங்களோடு ஸ்ரீரங்கத்தில் இருந்தார். வாரம் இரண்டு நாள் கே.கே. நகரில் டயாலிசிஸ். முடிந்து வரும்போது அவருக்குத் தலை நிற்காது. ஆட்டோ ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் என் தோளைப் பிடித்துக்கொள்வார்.

வீட்டில் கார் சும்மா நின்றது. என் கணவர் வேலை விஷயமாக பைக்கில் ஊர் ஊராகச் சுற்றுபவர், பகலில் கிடைக்க மாட்டார். சரி, நானே ஓட்டுகிறேன் என்று டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன்.

ஸ்கூல் காரில் மாஸ்டர் பக்கமும் ஒரு கிளட்ச் உண்டு. பதினைந்து நாள் பிரமாதமாக ஓட்டினேன், லைசென்ஸும் வாங்கிவிட்டேன். இத்தனை நாள் ஓட்டியது மாஸ்டரின் கால் என்பது சொந்த வண்டியில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

வண்டி ஆஃப் ஆகிவிடுமோ என்ற பயம். இடது காலை கிளட்ச்சை விட்டு எடுக்கவே மாட்டேன். காவிரிப் பாலத்தில் டிராஃபிக் நின்றால் பாதி அமுக்கியபடியே நிற்பேன். ஏற்றத்தில் எனக்கு பிரேக்கே அதுதான்.

மூன்றே மாதம். ஜங்ஷன் மேம்பாலத்தில் இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. பின் சீட்டிலிருந்து அப்பா, "ஏம்மா, எங்கயோ சோறு அடிப்பிடிக்குதா?" என்கிறார்.

அப்பாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போய் ஒர்க்‌ஷாப்பில் விட்டார்கள். கணவர் போனில், "கிளட்ச்ச நீ தேச்சிருந்தா இனிமே சாவியத் தொடாத. ஆட்டோவே போதும்" என்றார். கோபத்தில் சொன்னதுதான்... ஆனால் சொன்னால் செய்யக்கூடியவர்.

மறுநாள் போனால், தங்கராசு கியர்பாக்ஸை இறக்கி கிளட்ச்சைக் கழற்றி வைத்திருந்தார். அன்றுதான் அவரை முதல்முறையாகப் பார்க்கிறேன். கணவரும் வந்தார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், "இவங்கதானே தேச்சது?" என்று கேட்டார்.

தங்கராசு வேஸ்ட் துணியில் கையைத் துடைத்தார். அவசரமே இல்லை.

"வண்டி வாங்கி எத்தன வருஷம் சார் ஆச்சு?"

"எட்டு."

"கிளட்ச் எப்ப மாத்துனீங்க?"

"மாத்தினதே இல்லியே."

"அப்புறம் என்ன சார்? இது தேயிற சாமான்தானே."

கணவர் தலையாட்டிவிட்டு வேலைக்குக் கிளம்பினார். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

பைக் திரும்பி மறைந்ததும், "அக்கா, இங்க வாங்க" என்றார் தங்கராசு. கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் இரும்பு வட்டத்தைத் தூக்கி என் கையில் கொடுத்தார். செம கனம். அங்கங்கே திட்டுத் திட்டாக நீலம்.

"இந்த நீலம் தெரியுதா? சூட்டுல வந்தது. இது வயசு இல்லக்கா... உங்க கால்."

அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். "அப்புறம் ஏன் அவர்கிட்ட அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"பொய் எதும் சொல்லலியே. பிளேட்டும் பழசுதான். மிச்சத்த அவர் கேக்கல, நான் சொல்லல. நீங்க ஓட்டுறத விட்டுட்டீங்கன்னா அய்யா எப்படிப் போவாரு?"

அப்பாவைப் பற்றி நான் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. பின் சீட்டில் கிடந்த தலையணையையும் ஆஸ்பத்திரி ஃபைலையும் பார்த்திருக்கிறார்.

புது கிளட்ச் மாட்டிய அன்று, பெடலுக்கு இடது பக்கம் தரையில் ஒரு சிவப்பு டேப் ஒட்டினார். "கியர் மாத்தியாச்சுன்னா கால் இங்க. டிராஃபிக்ல நின்னா நியூட்ரல், ஹேண்ட்பிரேக், கால் இங்க. புரியுதாக்கா?"

அதோடு விட்டாரா... அதுதான் இல்லை. நான் ஒர்க்‌ஷாப்பைத் தாண்டும்போது அவர் வாசலில் இருந்தால் இடது காலைத் தூக்கிக் காட்டுவார். கால் எங்கே இருக்கிறது என்று கேட்கிறாராம். தரையில் இருந்தால் நான் ஒரு ஹாரன் அடிக்க வேண்டும்.

கையில் ஸ்பேனர், நடு ரோட்டைப் பார்த்து ஒற்றைக் காலில் ஒரு மனுஷன். "உன் ஆளு கொக்கு மாதிரி நிக்கிறார் பாரு" என்று அப்பா பின் சீட்டில் சிரிப்பார். டயாலிசிஸ் நாளில் அப்பா சிரிப்பது அங்கே மட்டும்தான்.

ஒருநாள் கால் கிளட்ச்சிலேயே இருந்தது. மனசாட்சி உறுத்த, ஹாரன் அடிக்காமல் போனேன். வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்துவதற்குள் போன். "அக்கா... காலு!"

அன்று மாட்டிய கிளட்ச்தான் இன்னும் ஓடுகிறது. அதற்குப் பிறகு அப்பா இருந்த மூன்று வருடமும் டயாலிசிஸுக்கு ஆட்டோ ஏறவில்லை. கடைசியாக அவரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்ததும் நான்தான், இதே வண்டியில்தான். இதை தங்கராசுவிடம் உட்கார்ந்து ஒருநாள் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு தடவையும் ஆயில் மாத்தணுமா, டயர் மாத்தணுமா என்றே பேசிவிட்டு வந்திருக்கிறேன்.

என் கணவரும் இதைப் படிப்பார். படிங்க... கிளட்ச்ச தேச்சது நான்தான். சாவி என்கிட்டதான் இருக்கு.

தங்கராசுவை சொந்த ஊரான உப்பிலியபுரத்துக்குக் கொண்டுபோகிறார்கள். மதியம் கிளம்புகிறேன், துறையூர் வழியாக. நான்தான் ஓட்டுகிறேன். ஒர்க்‌ஷாப்பைத் தாண்டித்தான் போக வேண்டும், ஷட்டர் இறக்கியிருப்பார்கள்.

ரொம்ப நன்றி தங்கராசு... போயிட்டு வாங்க.

தாண்டும்போது ஒரு ஹாரன் அடிக்கிறேன். கால் தரையிலதான் இருக்கும்.