பேச்சிமுத்து அண்ணனின் அரை கிளாஸ்

மைதீன் பாய்க்கு போன் என்றாலே பயம். அன்று காலை நான் நாகர்கோவில் பஸ்ஸில் நாங்குநேரியைத் தாண்டும்போது அவரே கூப்பிட்டார்.

"பேச்சிமுத்து மவுத்தாயிட்டாம்ப்பா. தூங்குதான்னு நெனச்சு ரெண்டு தடவ எழுப்பிட்டேன். நீ எங்கன இருக்க?"

நான் ஒரு துணிக்கடை வேலைக்கு நேர்காணலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். கண்டக்டரிடம் நிறுத்தச் சொன்னேன். இங்கே ஸ்டாப் இல்லை என்றார். சாவு என்றேன். நிறுத்திவிட்டார். திருநெல்வேலி பஸ் வரும்வரை சாலையோரம் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தேன்.

வண்ணார்பேட்டைப் பாலத்தடியில், சித்திரை வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தனக்குத்தானே பேசியபடி நின்ற ஆள் என்றால் உங்களில் பலருக்குத் தெரியும். சிலர் சோறு கொடுத்திருப்பீர்கள். சிலர் அந்தப் பக்கம் ஒதுங்கிப் போயிருப்பீர்கள். பிறகு அவரைக் காணோமே என்று யாரும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. அவர் எங்கும் போய்விடவில்லை. ஆஸ்பத்திரியில் தேறி, அவரைப் போலவே தெருவிலிருந்து வந்த மூன்று பேரோடு அதே வண்ணார்பேட்டையில் ஒரு வாடகை வீட்டில் இருந்தார். ரசத்தில் உப்பு கூடிவிட்டது என்று, அந்த மூவரில் ஒருவரான மைதீன் பாயிடம் சண்டை போட்டார். நாற்பத்தைந்து வயதிருக்கும். சொந்த ஊர் விக்கிரமசிங்கபுரம். அதற்கு மேல் ஊரைப் பற்றிப் பேசமாட்டார்.

அந்த வீட்டுக்குத் துணையாகப் போய்வருகிறவன் நான். சம்பளம் கிடையாது. மருந்து வாங்க, மார்க்கெட்டுக்கு, டாக்டரிடம் என்று கூடப் போக வேண்டும். வேலை இல்லாதபோது அவர்களோடு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அதுதான் எனக்கு ஆகாதது. கால் ஆடிக்கொண்டே இருக்கும். அண்ணன் அதைப் பார்த்துச் சிரிப்பார். "எனக்கு மருந்து திண்ணு கை ஆடுது. ஒனக்கு என்னத்தத் திண்ணுல கால் ஆடுது? காலேஜ பாதில விட்ட. வேலைய பாதில விட்ட. டீயவாது முழுசா குடி."

டீயில்தான் எங்களுக்குள் பெரிய தகராறு வந்தது. தெருமுனைக் கடையில் எல்லோருக்கும் கண்ணாடி கிளாஸ். அண்ணனுக்கு மட்டும் காகிதக் கப். அவர் காசைக் கொடுப்பார், கப்பை அப்படியே கல்லாப் பக்கம் திருப்பி வைப்பார், பெஞ்சில் வந்து உட்கார்ந்துகொள்வார். டீ ஆறி ஆடை படியும். மறுநாளும் கப்தான் வரும். மறுநாளும் திருப்பி வைப்பார். எனக்குப் பொறுக்கவில்லை.

"வேற கடைக்குப் போவோம்ணே. ஊர்ல டீக்கடைக்கா பஞ்சம்?"

"பாலத்தடியில கெடக்கும்போது எல்லாக் கடையிலயும் வெளிய நின்னு கப்புலதாம்ல குடிச்சேன். இப்ப எனக்கு வீடு இருக்கு. இது எங்க தெருக் கடை. இங்கன கிளாஸ்ல குடிக்கணும்."

ஒருநாள் நான் கடைக்கார அண்ணாச்சியிடம் எகிறினேன். அவரும் விடவில்லை. "கேவலமா நெனச்சு குடுக்கல தம்பி. அவனுக்குக் கை ஆடுதுல்லா? ஒடச்சு கால்ல கீல குத்திட்டா யாரு பாப்பா?" நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கத்தினேன். கிளாஸ் நிறையக் கொதிக்கக் கொதிக்க டீ வந்தது. அண்ணன் வாங்கினார். கை ஆடியது, டீ விரலில் கொட்டியது, கிளாஸ் தரையில் விழுந்து உடைந்தது. கடையே திரும்பிப் பார்த்தது.

"நாந்தான் சொன்னம்லா," என்றார் அண்ணாச்சி.

அண்ணன் குத்தவைத்து ஒவ்வொரு சில்லாகப் பொறுக்கினார். அந்தக் கடை அதோடு முடிந்தது என்று நினைத்தேன். நானாக இருந்தால் அந்தத் தெருவுக்கே போயிருக்கமாட்டேன்.

மறுநாள் காலை போனால் துவைத்த சட்டை போட்டு வாசலில் நிற்கிறார்.

"எங்கண்ணே?"

"டீ குடிக்க."

"அந்தக் கடைக்கா?"

"பின்ன? வாரியா, இல்ல பஸ் ஏறுதியா?"

அண்ணாச்சி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரு கிளாஸில் பாதி டீ ஊற்றினார். கையில் கொடுக்காமல், கல்லாவை விட்டு வெளியே வந்து பெஞ்சில் அவர் பக்கத்தில் வைத்தார். "பைய குடி. தீந்ததும் மிச்சத்த ஊத்துதேன்." அண்ணன் இரண்டு கையாலும் எடுத்தார். கை ஆடியது, டீ தளும்பியது, சிந்தவில்லை. தீர்ந்ததும் மீதிப் பாதி வந்தது.

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். "ரெண்டு தடவ குடிச்சும் ருசி வெளங்கல வே," என்பார் அண்ணன். "ஓசிலயா குடிக்கீரு? மூடிட்டுக் குடியும்," என்பார் அண்ணாச்சி. மற்ற ஆட்களிடம் பேசுவது போலவே பேசினார்.

அன்று பஸ் மாறி நான் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அண்ணனைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். மாரடைப்பு என்றார்கள். மைதீன் பாய் தலைமாட்டில் இருந்தார். நான் உள்ளே போவதும் வாசலுக்கு வருவதுமாக இருந்தேன். எழவு வீட்டில் அடுப்பு பற்றவைப்பதில்லை. அண்ணாச்சி டீக் கேனோடு வந்து வந்தவர்களுக்கெல்லாம் காகிதக் கப்பில் ஊற்றிக் கொடுத்தார். பிறகு தோள் துண்டில் சுற்றி வைத்திருந்த ஒரு கண்ணாடி கிளாஸை எடுத்தார். பாதி ஊற்றி அண்ணன் தலைமாட்டில் வைத்தார். போய்விடுவார் என்று நினைத்தேன். அங்கேயே நின்றார். ஒருவர் டீ குடித்து முடிக்கிற நேரம் ஆனதும் குனிந்து மீதிப் பாதியையும் ஊற்றினார். "கடையில ஆளில்ல," என்று யாரிடமோ சொல்லிவிட்டுப் போனார்.

இதை எழுதி முடிப்பதற்குள் இரண்டு தடவை எழுந்து ரோடு வரை போய்விட்டு வந்தேன். கால் இப்போதும் ஆடுகிறது. கிளாஸை உடைத்த கடைக்கு மறுநாள் காலையிலேயே துவைத்த சட்டையோடு போய் நின்றாரே, அது ஒன்றைத்தான் அவரிடமிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். எனக்கு அது இன்னும் பழகவில்லை. நாளைக்கு நான் கூட வந்தால்தான் தானும் டீக்கடைக்கு வருவதாக மைதீன் பாய் சொல்லியிருக்கிறார். போவேன். நாகர்கோவில் துணிக்கடைக்கும் போன் செய்து, சொல்லாமல் கொள்ளாமல் பாதியில் இறங்கியவன் நான்தான் என்று சொல்ல வேண்டும். டீயை முழுசாகக் குடித்த பிறகு.