வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் வழியில், ஊர் நிலமெல்லாம் வைத்திருந்த ஒரு மிட்டாதாரின் பழைய பங்களாவைப் புதுப்பித்து விருந்தினர் விடுதியாக்கியிருக்கிறார்கள். தொழிற்சாலை வேலையாகப் போன நான் அங்கே தங்கினேன்.

சுற்றிக்காட்டியவர் மேனேஜர். தேய்த்த வெள்ளைச் சட்டை, மை அடித்த மீசை. காலி அறையானாலும் கதவைத் தட்டிவிட்டுத்தான் திறப்பார். கடைசி அறையை மட்டும் தட்டாமல் திறந்தார். அதற்குத் தாழ்ப்பாள் வெளியே இருந்தது.

"வேலைக்கு வராதவங்கள மிட்டாதார் இதுலதான் சார் அடைப்பாராம். சோறு தண்ணி கிடையாது. இப்ப ஏசி போட்டுட்டோம். பெங்களூர்ப் பார்ட்டிங்க இந்த ரூமத்தான் கேட்டு வாங்கறாங்க."

"யாரை அடைப்பார்?"

"எங்க சனத்தத்தான்." சிரித்தார். "உள்ள போய்ப் பாருங்க சார்."

போனேன். தாழ்ப்பாள் விழுந்தது. விளையாட்டு என்று முதலில் சிரித்தேன். பிறகு கூப்பிட்டேன். பிறகு இரண்டு கையாலும் கதவைத் தட்டினேன்.

"அப்பவும் இப்படித்தான் தட்டுவாங்களாம் சார்," என்றது வெளியே அவர் குரல், அதே மரியாதையோடு.

என் தொண்டை கட்டிய பிறகுதான் திறந்தார்.

"எல்லாரையும் இப்படித்தான் அடைப்பீங்களா?"

"இல்லைங்க சார். யாரை அடைச்சாங்கன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல. நீங்கதான் கேட்டீங்க."

தண்டித்தாரா, மதித்தாரா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. எந்த விடுதிக்குப் போனாலும் இப்போது முதலில் தாழ்ப்பாளைத்தான் பார்க்கிறேன்.