ரேஸ்காரருக்குப் பின்னால் போன ஜீப்

கிளட்ச் கருகும் நாற்றம் தெரியுமா? பழைய டயரைக் கொளுத்தின மாதிரி வந்து தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும், தண்ணீர் குடித்தாலும் போகாது. மைசூரில் வளர்ந்த மற்றப் பிள்ளைகளுக்குத் தசரா என்றால் யானை, அரண்மனை விளக்கு, பொருட்காட்சியில் விற்கும் பெரிய டெல்லி அப்பளம். எனக்குப் பத்து வயசில் வந்த தசரா லீவு இந்த நாற்றம்தான்.

சாமுண்டி மலை ரோட்டில் ஒரு ஜீப் முதல் கியரில் ஊர்ந்துகொண்டு போகும். ஓட்டுகிறவர் என் அப்பா, ஆரோக்கியம். ஜீப்புக்கு முன்னால் ஒருவர் சைக்கிள் மிதித்துக்கொண்டு போவார். அவர் எங்கள் முதலாளி. அவர் வேகத்துக்கு மேல் ஜீப் போகக்கூடாது. கிளட்ச் கருகாமல் என்ன செய்யும்?

அவருக்குத் தொழிலே கார் ரேஸ் ஓட்டுவது. கோப்பை வாங்குவார், பேப்பரில் படம் வரும். பெங்களூர்க்காரர். மலையடிவாரத்தில் ஒரு பங்களா வாங்கிப் போட்டிருந்தார். அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. பயத்தால் இல்லை, அவருக்குக் கிடைத்த பெயர் போதும். எங்கள் லைன் வீட்டில் எல்லாரும் "ரேஸ்காரர்" என்றுதான் சொல்வோம்.

ரேஸ்காரருக்குச் சைக்கிள் பைத்தியம். கார் சோறு போடுது, சைக்கிள்தான் உயிர் என்பார். அந்தச் சைக்கிள் வெளிநாட்டிலிருந்து வந்தது. என் சுண்டுவிரல் தடிமன்தான் டயர், ஒரு கையில் தூக்கிவிடலாம். பங்களா ஹாலில், சோபாவுக்குப் பக்கத்தில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தியிருப்பார். அந்த ஹாலுக்குள் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டும் போனதில்லை, வாசலோடு சரி.

அப்பாவும் சைக்கிள்காரர்தான். என்.ஆர். மொஹல்லாவிலிருந்து அந்தப் பங்களாவுக்கு, கேரியர் வைத்த கனத்த சைக்கிளை விடிகாலையில் மிதித்துக்கொண்டு போவார். அதைக் காம்பவுண்டுச் சுவரில் சாய்த்து வைத்தால் பெயின்ட் போகிறது என்று ரேஸ்காரர் கேட்டுக்கு வெளியே வைக்கச் சொல்லிவிட்டார். அந்தச் சைக்கிளைப் பார்த்து ஒருநாள், "என்ன ஆரோக்கியம், இது சைக்கிளா, தண்டவாளமா?" என்று சிரித்தாராம். அப்பாவும் சிரித்துவிட்டு வந்தார். வீட்டில் சொன்னபோது அம்மா சிரிக்கவில்லை.

"நீ சைக்கிள் மிதிச்சுப் போயி ஜீப்பு ஓட்டுற. அவன் காரு ஓட்டி சம்பாதிச்சு சைக்கிள் மிதிக்கிறான். ரெண்டு பேரும் மாத்திக்கிட்டா ஜீப்புக்கு டீசலாவது மிச்சம்" என்றாள்.

அம்மா ஒரு ஆஸ்பத்திரியில் ஆயா. அந்த லீவில் அவளுக்குக் காலை டூட்டி. வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் அப்பா கூடக் கூட்டிக்கொண்டு போனார். ஜீப்பில் முன்சீட்டு எனக்கு. பின்சீட்டில் ரேஸ்காரரின் தண்ணீர் பாட்டில், துண்டு, வாழைப்பழம், இன்னொரு சக்கரம். எதிரே இறங்கி வரும் சிட்டி பஸ்ஸின் கண்டக்டர் ஒருவர் எங்களைப் பார்த்தால் போதும், தலையை வெளியே நீட்டிக் கத்துவார். "என்ன ஆரோக்கியண்ணா, இன்னிக்கும் எருமை மேய்க்கக் கெளம்பிட்டியா?" அப்பா கையை மட்டும் தூக்கிக் காட்டுவார்.

அப்பா அதிகம் பேசமாட்டார். ஓட்டுவதைப் பற்றி மட்டும் எப்போதாவது சொல்வார். "ஸ்டீயரிங்குல கை வெச்சிட்டா, ரோட்டுல போற அம்புட்டுப் பேரும் நம்ம வீட்டு ஆளுன்னு நெனச்சுக்கணும் பாப்பா." பத்தொன்பது வருஷம் லாரி, வேன், ஜீப் எல்லாம் ஓட்டியிருக்கிறார். ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. அவருக்கு வேறு பெருமை எதுவும் கிடையாது.

சாமுண்டி மலைக்கு ஆயிரம் படி. வேண்டுதல் உள்ள பெண்கள் ஒவ்வொரு படிக்கும் குனிந்து மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துக்கொண்டே ஏறுவார்கள். அந்தப் படிகள் ஓர் இடத்தில் ரோட்டைக் கடந்து மேலே போகும். அங்கே வண்டிக்காரர்கள் எல்லாரும் நின்றுதான் போவார்கள். அப்பா அந்த வளைவுக்கு முன்பே ஹாரன் அடித்துவிட்டு நிற்பார்.

ரேஸ்காரர் நிற்கமாட்டார். இறங்கும்போது முதுகை வளைத்துத் தலையைக் கீழே போட்டுக்கொண்டு விடுவார் பாருங்கள், எங்கள் ஜீப் வெகுதூரம் பின்தங்கிவிடும். கீழே போனதும் கையில் கட்டின கடிகாரத்தைப் பார்ப்பார். நேற்றைவிட ரெண்டு செகண்டு குறைந்தால் அன்றைக்கு முகம் மலரும். அந்த ரெண்டு செகண்டை வைத்து அவர் என்ன செய்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்த லீவில் ஒருநாள், வயசான ஒரு பெரியம்மா தட்டில் குங்குமத்தோடு ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார். குனிந்து குனிந்து வந்த முதுகு, நிமிர நேரமாகியிருக்கும். நாங்கள் வளைவு திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. பெரியம்மா ரோட்டில் கிடந்தார். ரோடு முழுக்கச் சிவப்பு. ரத்தம் என்று நினைத்து நான் கத்தினேன். குங்குமம்தான்.

அப்பா இறங்கி அந்த அம்மாவிடம் ஓடினார். ரேஸ்காரருக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவர் சைக்கிளைத் தூக்கி நிறுத்தி, முன்சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தார். அந்த ஒல்லி டயரில் சுற்றிலும் குங்குமம். ஜீப்பின் பின்சீட்டிலிருந்து துண்டை எடுத்துவந்து டயரைத் துடைத்தார். சுத்தமாகத் துடைத்தார். அதற்கப்புறம்தான் அந்த அம்மா பக்கம் திரும்பினார். இதை நான் முன்சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன்.

பெரியம்மாவுக்கு மூச்சு இருந்தது. "இடுப்பு, இடுப்பு" என்று முனகினாரே தவிர, எது இடித்தது என்று அவருக்கே தெரியவில்லை. அந்நேரம் படியில் வேறு ஆள் இல்லை. ரேஸ்காரர் அப்பாவைத் தனியே கூப்பிட்டார். தனியே என்றால் ஜீப்புக்குப் பக்கத்தில்தான். நான் இருப்பது அவருக்கு ஒரு பொருட்டில்லை.

"ஆரோக்கியம், சைக்கிளுக்கு இன்சூரன்ஸ் இல்ல. ஜீப்புக்கு இருக்கு. ஜீப்பு இடிச்சதுன்னா அந்தம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு கெடைக்கும். பாவம், அவங்களுக்கு நல்லது பண்ணு. உனக்கு ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்ல?"

அப்பா அந்த அம்மாவைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார்.

"நான் யாரையும் இடிச்சதில்ல சார்."

"அதான் சொல்றேன், முதல் தடவைதானே? விட்டுடுவாங்க. என் பேரு பேப்பர்ல வந்தா அடுத்த மாசம் ரேஸ் போச்சு."

அப்பா ஏறி வண்டியை எடுத்தார். பத்தடி முன்னால் ஓட்டிக் குங்குமத்தின் மேல் ஏற்றி நிறுத்தினார். ஸ்டீயரிங்கைப் பார்த்தபடியே சொன்னார். "பாப்பா, யாராச்சும் கேட்டா ஜீப்புன்னு சொல்லு."

ஜீப்பில்தான் அந்த அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஸ்டேஷனில் ஒரு போலீஸ்காரர் குனிந்து என்னைக் கேட்டார். "யாவ்தம்மா ஹொடெத்து? ஜீப்பா, சைக்கிளா?" எது இடித்தது என்கிறார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் "ஜீப்பு" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். அப்பா அதில் கையெழுத்துப் போட்டார். ரேஸ்காரர் எனக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தார்.

அந்தப் பெரியம்மாவுக்குச் செலவு கிடைத்தது, அதை ஒளிக்கவில்லை. ஆனால் அவர் மறுபடி நிமிர்ந்து நடக்கவில்லை. அவர் மகன் ஒருநாள் எங்கள் லைனுக்கு வந்து, வாசலில் நின்று, "குருடனுக்கு எதுக்குடா லைசென்சு?" என்று எல்லார் முன்னாலும் கேட்டான். அப்பா வாசலில் வந்து நின்று முழுக்கக் கேட்டுக்கொண்டார். உள்ளே வந்ததும் அம்மா, "வாயத் தொறந்து சொல்லித் தொலைய வேண்டியதுதானே?" என்றாள். "கையெழுத்துப் போட்டாச்சு" என்றார் அப்பா.

கோர்ட்டில் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். நான் இருக்கேன் என்றவர் ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டனுப்பினார். "லைசென்ஸ் இல்லாத ஆள வெச்சு எப்படி வண்டி ஓட்டறது ஆரோக்கியம்? நீயே சொல்லு." அப்பா கேட்டுக்கு வெளியே நின்ற சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்தார். அப்புறம் ஒரு கோடவுனில் வாட்ச்மேன். பிறகு லைசென்ஸ் திரும்பி வந்தது, அவர் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. நான் எட்டாவதோடு நின்று ஊதுபத்தி உருட்டப் போனேன்.

இப்போது மைசூர் ஹெப்பாளில் ஒரு கம்பெனியில் டீ கொடுக்கும் வேலை. சமீபத்தில் அங்கே சைக்கிள் விழா நடத்தினார்கள். பேச வந்தவர் ரேஸ்காரர். தலை நரைத்துவிட்டது, உடம்போடு ஒட்டின சைக்கிள் சட்டை மட்டும் மாறவில்லை. இங்கிலீஷும் கன்னடமுமாகப் பேசினார். சைக்கிள் மேல் தமக்கு இவ்வளவு பக்தி எப்படி வந்தது என்று கதை சொன்னார். ஒருநாள் மலையில் தம் டிரைவர் ஒரு வயதான அம்மாவை ஜீப்பால் இடித்துவிட்டானாம். அன்றைக்கே புரிந்துவிட்டதாம், மோட்டார் என்றால் ஆபத்து, சைக்கிள் யாரையும் நோகடிக்காது என்று. அதைச் சொல்லும்போது குரல் தழுதழுத்தது. எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

டீ கொண்டுபோனபோது சொன்னேன். "சைக்கிள்தான் சார் இடிச்சுது."

"யாரும்மா நீங்க?"

"ஆரோக்கியம் டிரைவர் மக. அன்னிக்கு ஜீப்புல இருந்தேன்."

"ஆரோக்கியம்! நல்ல மனுஷன். எப்படி இருக்கார்?"

"செத்துட்டாரு."

"அடடா. ஆனா அவரே ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டாரேம்மா?"

பொய் சொல்கிறவன் முகம் எனக்குத் தெரியும். இது அது இல்லை. அவர் நிஜமாகவே நம்பிவிட்டார். இத்தனை வருஷம் சொல்லிச் சொல்லித் தம் மனசையும் துடைத்து வைத்துக்கொண்டார். இந்த மாதிரி ஆளிடம் கோபப்படுவதுகூட வீண். டீயை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

"அவர்கிட்ட என்ன பேச்சு உனக்கு?" என்று சூப்பர்வைசர் அம்மா கேட்டார்.

"சக்கரை வேணுமான்னு கேட்டேன்."

நான் "ஜீப்பு" என்று சொன்ன போலீஸ் ஸ்டேஷன் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். எழுதிக்கொண்ட போலீஸ்காரர் இல்லை. அந்தப் பெரியம்மா இல்லை. அந்தக் காகிதம் எங்கே கிடக்கிறதோ, போய்த் திருத்த இடமில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். நான் அன்றைக்குச் சொன்னது பொய். இடித்தது சைக்கிள். என் அப்பா ஆரோக்கியம் யாரையும் இடிக்கவில்லை.